வரியோடு வழியையும் எழுதுவது: மின்னிலக்கியம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் தமிழோ ஊடகவியலோ படிக்கிற பிள்ளைகளிடம் "மின்னிலக்கியம் என்றால் என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் செல்போனை எடுத்து அதில் இறக்கி வைத்திருக்கும் பி.டி.எஃப். நாவலைக் காட்டுவார்கள். கிண்டில் புத்தகத்தைச் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் கவிதையைச் சொல்வார்கள். இவையெல்லாம் திரையில் தெரியும் அச்சு இலக்கியம். பல்கலைக்கழகங்களில் மின்னிலக்கியம் என்ற பெயரில் சொல்லிக்கொடுப்பது இதை அல்ல.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. அந்தப் படைப்பை அப்படியே பிரிண்ட் எடுங்கள். எதுவும் தொலையவில்லை என்றால் அது அச்சு இலக்கியம். ஏதோ முக்கியமானது தாளுக்கு வராமல் நின்றுவிட்டது என்றால் அது மின்னிலக்கியம். ஒரு லிங்க்கைத் தொட்டால் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். திறக்கும்போதெல்லாம் கணினி புதிதாக ஒரு வாக்கியத்தைக் கோத்திருக்கலாம். எழுத்து நகர்ந்திருக்கலாம், பின்னால் ஒரு குரல் கேட்டிருக்கலாம், அந்தக் குரல் எழுத்துக்கு எதிராகப் பேசியிருக்கலாம். இந்த அசைவெல்லாம் தற்செயலாக நடப்பதில்லை. எது எப்போது எப்படி நடக்கவேண்டும் என்பதை எழுதியவரே விதியாக எழுதி வைத்திருக்கிறார். வரியை எழுதுவதோடு, அந்த வரிக்கு வாசகர் வந்து சேரும் வழியையும் எழுதுவதுதான் இந்தத் துறையின் வேலை. மாணவர்களுக்குப் பழக்கவேண்டியதும் இதைத்தான். மென்பொருள் அப்புறம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952-இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியைக் காதல் கடிதம் எழுத வைத்தார். கடிதத்தின் கீழே கையொப்பம் போடும் இடத்தில் அந்தக் கணினியின் பெயர்ச்சுருக்கமே இருக்கும். 1959-இல் ஜெர்மனியில் தியோ லூட்ஸ், காஃப்காவின் ஒரு நாவலிலிருந்து சொற்களை எடுத்துக் கணினியிடம் கொடுத்து வாக்கியங்கள் செய்தார். லிங்க் வழியே ஒன்றோடொன்று இணைந்த எழுத்தைக் குறிக்கும் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல் 1965-இல் டெட் நெல்சனின் கட்டுரையில் வந்தது. கிளைபிரியும் கதை என்ற வகையில் எல்லாரும் முதலில் சுட்டிக்காட்டுவது மைக்கேல் ஜாய்ஸ் 1987-இல் காட்டி, 1990-இல் வெளியான 'ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி'. அதில் 539 துண்டுகள். எந்தச் சொல்லைத் தொடுகிறீர்களோ அதற்கேற்ப அடுத்த துண்டு வரும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர் ராபர்ட் கூவர் இதற்கென்றே ஒரு பட்டறை நடத்தினார். 1992-இல் நியூயார்க் டைம்ஸில் அதுபற்றி எழுதியபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1999-இல் மின்னிலக்கியத்துக்கென ஓர் அமைப்பு உருவாகி, 2006-இலிருந்து தொகுதி தொகுதியாகப் படைப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்துவருகிறது. பாடம் நடத்த விரும்புகிறவர் அந்தத் தொகுதிகளைத் திறந்து ஒரு வாரம் மேய்ந்தாலே போதும்.

ஆனால் நம்மூர் வகுப்பை அங்கிருந்து தொடங்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் தொடங்குவது சுழிகுளம் என்ற பழைய பாட்டு வகையிலிருந்து. இலக்கணப் பாடத்தில் சித்திரக்கவி (எழுத்துகளைப் படம்போல அடுக்கிக் கட்டும் பாட்டு) என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்காகப் படித்து மறந்திருப்பார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. தண்டியலங்காரத்தில் இதற்குக் காட்டப்படும் பாட்டைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதுவேன்:

க வி மு தி யா ர் பா வே
வி லை ய ரு மா ந ற் பா
மு ய ல் வ து று ந ர்
தி ரு வ ழி ந் து மா யா

நான்கு அடி, அடிக்கு எட்டு எழுத்து, ஆக 32 கட்டம். 'மூத்த கவிகளின் பாட்டே விலைமதிக்க முடியாத பாட்டு' என்று தொடங்குகிறது. பொருளை இப்போதைக்கு அவ்வளவோடு விடுங்கள். விரலை வைத்துப் படியுங்கள். முதல் அடியை இடமிருந்து வலமாகப் படித்தால் 'கவிமுதியார்பாவே'. இப்போது முதல் நெடுவரிசையில் மேலிருந்து கீழே இறங்குங்கள்: க, வி, மு, தி. அப்படியே கடைசி நெடுவரிசைக்குத் தாவி, கீழிருந்து மேலே ஏறுங்கள்: யா, ர், பா, வே. அதே அடி! இரண்டாவது நெடுவரிசையில் இறங்கி ஏழாவதில் ஏறினால் இரண்டாம் அடி கிடைக்கும். மூன்றில் இறங்கி ஆறில் ஏறினால் மூன்றாவது. நான்கில் இறங்கி ஐந்தில் ஏறினால் நான்காவது. குளத்து நீர் சுழித்து உள்ளே போவதுபோல வெளிவட்டத்திலிருந்து நடுவுக்குப் போகிறோம்.

இதை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்த மாணவருக்கு மின்னிலக்கியத்தின் அடிப்படை பாதி புரிந்துவிடும். இந்தப் பாட்டைக் கட்டியவர் 32 எழுத்துகளோடு, அவற்றைத் தொட்டுச்செல்லும் பாதைகளையும் சேர்த்தே யோசித்திருக்கிறார். ஓர் எழுத்தை மாற்றினால் இன்னொரு பாதையில் அது உதைக்கும். இதேபோல 1961-இல் பிரான்சில் ரேமோன் கெனோ பத்து சானெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகளை) எழுதி, வரிவரியாகக் கத்தரித்துப் புத்தகமாக்கினார். எந்தக் கவிதையின் எந்த வரியையும் இன்னொன்றின் அதே இடத்து வரியோடு மாற்றிக்கொள்ளலாம். பதினான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் பத்து வாய்ப்பு: கோடியைக் கோடியால் பெருக்கினால் எவ்வளவோ அத்தனை கவிதை. அதுவும் காகிதம்தான்.

எல்லாம் நம்மிடம் அன்றைக்கே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுழிகுளம் படித்தவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி தானாக வராது. ஆனால் பழகிய ஒன்றிலிருந்து பழகாத ஒன்றுக்குப் போவது எளிது. அதைவிடவும் நல்ல பாலம் வில்லுப்பாட்டு. கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: கதை ஒன்றுதான், ஆனால் அது ஓடும் வேகம் கூட்டத்தின் கையில் இருக்கிறது. சுடலைமாடன் கதையில் சாமி வரும் கட்டம் நெருங்கும்போது சாமியாடியின் மேல் சாமி இன்னும் இறங்கவில்லை என்றால் புலவர் அதே இடத்தில் நின்று சுற்றுவார். உடுக்கை ஏறும், குடத்தின் தாளம் நெருங்கும். சாமி வந்த பிறகுதான் கதை அடுத்த படிக்குப் போகும். எதிரில் இருப்பவர் செய்வதைப் பொறுத்து அடுத்த வரி மாறுகிறது. நிரல் எழுதுகிறவர்கள் 'இப்படி நடந்தால் இதைச் செய், நடக்கும்வரை திரும்பச் செய்' என்று எழுதுவார்களே, அந்தக் கட்டளை இங்கே ஒரு மனிதரின் அனுபவத்தில் இருக்கிறது.

இனி வகுப்பு. பல கல்லூரிகளில் லேப் கிடைப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதிலும் பாதி கரண்ட் இருப்பதைப் பொறுத்தது. அதனால் முதல் கிளைக்கதையைத் தாளிலேயே எழுத வைப்பது நல்லது. பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அளவும் சரியாக இருக்கும். ஒரு தாளில் ஒரு துண்டு. அடியில் இரண்டு வழி, எந்தத் தாளுக்குப் போகவேண்டும் என்ற எண். தரையில் பரப்பி வைத்து நூல் போட்டு இணைத்துவிட்டால் கதையின் வரைபடம் கண்முன்னே இருக்கும்.

எதை எழுதுவது? இங்கே பஞ்சமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்தவர் இந்தப் பக்கம் யாரும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஒரு தெரு, ஒரு வீடு, ஓர் இரவு என்று எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிட்டது: ஆச்சியை மாடிக்கு ஏற்றுவதா, ஆட்டை அவிழ்ப்பதா? ஒரு பெண் எழுதிய கதையில் இந்த இரண்டு வழியும் இருந்தன. எதைத் தொட்டாலும் நான்காவது தாளில் "விடிந்தது" என்று ஒன்றாகவே வந்து நின்றன. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், எந்தப் பக்கம் போனாலும் ஒரே எடத்துக்குத்தான வருது. பொறவு எதுக்கு சார் ரெண்டு வழி?"

இந்தக் கேள்வியில் ஒரு செமஸ்டர் பாடம் இருக்கிறது. வழி பிரிவதாலேயே கதை ஆழமாகிவிடாது. பிரிந்த வழிகள் சேரலாம், தவறில்லை. ஆனால் சேரும்போது கையில் இருப்பது வேறாக இருக்கவேண்டும். ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்தவரின் விடியலும் ஆச்சியோடு மாடியில் இருந்தவரின் விடியலும் ஒரே வாக்கியத்தில் எப்படி அடங்கும்? அடங்கும்படி எழுதினால் அதுவே பெரிய கலை: ஒரே "விடிந்தது", படித்து வந்த பாதையைப் பொறுத்து ஒருவருக்கு ஆறுதலாகவும் இன்னொருவருக்கு அடியாகவும் விழும். அந்தப் பெண் கடைசியில் செய்தது அதைத்தான். நான்காவது தாளை மாற்றவேயில்லை, அதற்கு முந்தைய தாள்களைத் திருத்தினாள். எல்லாக் கிளைக்கும் தனித்தனி முடிவு எழுதவேண்டும் என்று நினைப்பதுதான் தொடக்கக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு வழி வைத்து எதையும் சேர்க்காமல் போனால் ஐந்தாவது திருப்பத்தில் 32 தாள் எழுதவேண்டி வரும். யாராலும் முடியாது, முடிந்தாலும் யாரும் படிக்கமாட்டார்கள்.

குறுக்குத்துறை முருகன் கோயில் இதற்கு இன்னொரு நல்ல களம். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில். பெரிய வெள்ளத்தில் மூழ்கும். தண்ணீர் ஏறுமுன் உற்சவரையும் பூஜைச் சாமான்களையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள், வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு நிலை இருப்பது கிளைக்கதைக்கு அல்வா சாப்பிடுவதுபோல. (நம்மூர்க் கட்டுரையில் அல்வா வராமல் இருக்காது, மன்னிக்கவும்.)

தாளில் சரியாக வந்த பிறகு ட்வைன். கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால், உதாரணமாக [[மாடிக்குப் போ]] என்று எழுதினால், அது லிங்க் ஆகிவிடும். அந்தப் பெயரில் புதிய பெட்டி ஒன்று தானே முளைக்கும். பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் திரையில் பார்த்தால் தரையில் நூல் கட்டிய அதே படம். முடித்ததும் ஒரே ஹெச்.டி.எம்.எல். கோப்பாகக் கிடைக்கும், எந்த போனிலும் திறக்கும். தமிழ் யூனிகோடில் அடித்தால் சிக்கல் இல்லை. பழைய ஃபான்ட்டுகளில் டைப் செய்து பழகிய அலுவலகக்காரர்களிடம் கொடுத்து அடித்து வாங்கினால்தான் திரையில் ஜிலேபி தெரியும்.

அடுத்தது எனக்குப் பிடித்த பாடம்: வாக்கியம் கோக்கும் இயந்திரம். இங்கேதான் ஆங்கிலப் படைப்பை அப்படியே எடுத்து வைத்தால் தமிழ் முரண்டு பிடிக்கும். நிக் மான்ட்ஃபோர்ட் 2009-இல் தைவானின் ஒரு பள்ளத்தாக்கை வைத்துச் சின்ன நிரல் எழுதினார். முடிவே இல்லாமல் திரையில் கவிதை வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். பலர் அந்த நிரலை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றித் தங்கள் கவிதையாக்கினார்கள். பாபநாசம் மலையையும் பொதிகையையும் போட்டு நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தால் வரும் வரிகள் கண்றாவியாக இருக்கும். அந்த நிரலின் எலும்புக்கூடு ஆங்கில வாக்கியத்துக்குச் செய்தது. நம் வினை கடைசியில் வரும். அதுவும் எழுவாயைப் பார்த்து வால் மாற்றிக்கொள்ளும்.

மூன்று பெயர் எடுத்துக்கொள்வோம்: ஆச்சி, தம்பி, மழை. மூன்று வினை: வந்தாள், வந்தான், வந்தது. கணினி கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் 'தம்பி வந்தாள்' என்று வரும். ஆகவே ஒவ்வொரு பெயரோடும் அதன் திணை, பாலைக் குறித்து வைக்கவேண்டும். எப்போதாவது 'மழை வந்தாள்' என்று வந்துவிடும். வகுப்பே ஒரு நொடி அமைதியாகும், பிறகு "சார், இத மட்டும் அழிக்காதிய" என்பார்கள். நியாயம்தான். விதியைத் தெரிந்துகொண்டு எங்கே மீறவிடலாம் என்று முடிவு செய்வதும் எழுத்தாளர் வேலை.

அடுத்த முட்டுக்கட்டை சந்தி. 'ஆற்றை', 'கோயிலை', 'பாலத்தை' என்று ஒரு பட்டியல். 'பார்த்தேன்', 'கடந்தேன்', 'தேடினேன்', 'மறந்தேன்' என்று இன்னொன்று. சேர்த்தால் பன்னிரண்டு வரி. 'ஆற்றை பார்த்தேன்' என்று கணினி ஒற்றில்லாமல் துப்பும். இரண்டாம் வேற்றுமை விரிந்து நிற்க, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அந்த மெய் நடுவில் வரவேண்டும்: ஆற்றைப் பார்த்தேன், பாலத்தைக் கடந்தேன், கோயிலைத் தேடினேன். 'மறந்தேன்' வந்தால் ஒன்றும் வேண்டாம். இதை நிரலில் எழுத நான்கைந்து வரி போதும்: இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பார், நான்கில் ஒன்றா, ஆம் என்றால் அதன்மேல் புள்ளி வைத்து முதல் சொல்லின் பின்னால் ஒட்டு. கணினி அறிவியல் மாணவருக்கு இந்த விதி தெரியாது. தமிழ் மாணவருக்கு நிரல் தெரியாது. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். புணர்ச்சி விதியை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை, அதை ஒரு இயந்திரத்துக்குப் புரியும்படி சொல்லவேண்டி வரும்போதுதான் அதன் ஒவ்வொரு சொல்லையும் எடை போடும். நன்னூல் வகுப்பு அவ்வளவு சூடாக நடந்து நான் பார்த்ததில்லை.

எழுத்தை அசைக்கும்போதும் தமிழ் தனி கவனம் கேட்கும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. சாதாரண நிரலுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றும்படி செய்தால் முதலில் 'தம' வரும், பிறகு இகரக் குறி முளைத்து 'தமி' ஆகும். 'ழ' வந்து ஒரு கணம் கழித்துத் தலையில் புள்ளி விழும். சிலர் அந்தத் தடுமாற்றத்தையே அழகாகப் பயன்படுத்துகிறார்கள். வேண்டாம் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. அது நாம் எண்ணுவதுபோல மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும்.

படம், ஒலி சேர்ப்பது பற்றி ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைப்பேன்: ஒன்று சொன்னதை மற்றொன்று திருப்பிச் சொல்லக்கூடாது. 'ஆறு ஓடியது' என்ற வரி, கீழே ஆற்றுப் படம், பின்னால் தண்ணீர்ச் சத்தம். மூன்றில் இரண்டு வேலையில்லாமல் நிற்கின்றன. சுவரில் தண்ணீர் நின்ற கறையின் படத்தைப் போடுங்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்த ஒரு பெரியவரின் குரலை அதன்மேல் ஓடவிடுங்கள். எழுத்து வேறு எதையாவது பேசட்டும், அந்த வீட்டு ரேஷன் கார்டைப் பற்றிப் பேசட்டும். மூன்றும் சேரும் இடத்தை வாசகர் தாமே கண்டுபிடிப்பார். குரலைப் பதியும்போது பெரியவரிடம் அனுமதி கேட்பதும், எதற்காகப் பதிகிறோம் என்று அவருக்குப் புரியச் சொல்வதும் பாடத்தின் பகுதி. ஊரில் தெரிந்தவர்தானே என்று மாணவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் 'மின்னிலக்கியம் – வரையறுத்து விளக்குக' என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீச்சலுக்குக் கட்டுரைத் தேர்வு வைக்கிற கதை அது. படைப்பை இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு அவர்களைப் பேசவிடுவேன். "நீ அந்த இடத்துக்குப் போகவே இல்லையா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்டால் படைப்பு வேலை செய்கிறது. இருவரும் ஒரே கதையை ஒப்பித்தால் வழிகள் சும்மா இருக்கின்றன. அதோடு மாணவர் எழுதிய ஒரு குறிப்பும் வேண்டும்: எந்த விதியை ஏன் வைத்தார், எதை எடுத்தெறிந்தார். சில நேரம் படைப்பைவிட அந்தக் குறிப்பு நன்றாக இருக்கும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

கடைசியாக, பாதுகாப்பது. ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்த ஏராளமான மின்கவிதைகள் 2020 டிசம்பர் 31-இல் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியதோடு உலாவிகளில் திறக்காமல் போயின. ஃபிளாஷைப்போலவே நடந்துகொள்ளும் ரஃபுள் போன்ற மென்பொருள்களால் ஒரு பகுதியை மீட்டிருக்கிறார்கள். ஓலைச்சுவடியைக்கூடப் பூச்சி அரிக்க நூறு ஆண்டு எடுத்துக்கொள்ளும். இது இருபதில் போய்விட்டது. ஆகவே பிள்ளைகளிடம் வாங்கும்போது இயங்கும் கோப்பு, எல்லாத் துண்டுகளும் வரிசையாக உள்ள வெறும் எழுத்துக் கோப்பு, ஒருவர் படித்துப் போவதைத் திரையில் பதிந்த வீடியோ, மூன்றையும் வாங்கி வைப்பது நல்லது. ட்வைனில் செய்தவர்கள் ஹெச்.டி.எம்.எல். கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு "சார், என் போன்ல படம் வருதே" என்பார்கள். படமும் ஒலியும் அந்தக் கோப்புக்குள் இல்லை, பக்கத்தில் தனியாக இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கோப்புப் பெயர்களில் இடைவெளி விடாமல், ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.